சித்தியை நாற்காலியில் இறக்கிய நாள்

கான்வாஸ் துணியும் டிங்ச்சரும் கலந்த ஒரு வாசனை... முதலுதவி வகுப்பு என்றால் இன்றைக்கும் அதுதான் என் மூக்கில் வந்து நிற்கிறது.

எழுபதுகளின் நடுவில், மயிலாப்பூரில் நான் படித்த பள்ளிக்கூடத்தில், சனிக்கிழமை காலைகளில் அந்த வகுப்பு நடக்கும். ஸ்ட்ரெச்சரைப் பிரித்து, ஒருத்தியைப் படுக்க வைத்துத் தூக்கிப் பழகுவோம். மற்றவர்களுக்கு அது விளையாட்டு. நான் மிஸ் சொல்கிற ஒரு வார்த்தையையும் விடாமல் மனப்பாடம் செய்வேன்.

மயங்கி விழுந்தவருக்குக் கான்வாஸ் ஸ்ட்ரெச்சர் போதும். குறுகலான படியில் இறக்க நாற்காலி உதவும். ஆனால் முதுகெலும்பில் அடி என்று சந்தேகம் வந்தாலே உட்கார வைக்கக் கூடாது. தொய்கிற துணியும் கூடாது. கதவோ பலகையோ ஏணியோ... வளையாத எதிலாவது நேராகப் படுக்க வைத்து, நெற்றியிலிருந்து கணுக்கால் வரை அசையாமல் கட்ட வேண்டும்.

எங்கள் வீடு தி.நகரில். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். கீழே பெரியப்பாவின் ஜவுளிக்கடை, நடுவில் குடோன், அதற்கு மேல் மாடியில் நாங்கள். பின்பக்கம் சுழன்று சுழன்று ஏறும் இரும்புப் படி ஒன்றுதான் வழி. மூட்டைகளுக்கு அந்தப் படி சரிப்படாது என்று மொட்டை மாடியில் கப்பி போட்டிருந்தார்கள். புடவைக் கட்டுகள் ஒரு கசங்கல் இல்லாமல் ஏறி இறங்கும்.

பெரியம்மா, அம்மா, சித்தி மூவரும் அக்கா தங்கைகள். சித்திக்கு அப்போது இருபத்திரண்டு வயது. டீச்சர் ட்ரெயினிங் முடித்து, அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர இருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மூங்கில் ஏணியில் ஏறியவள், வழுக்கி மல்லாக்க விழுந்தாள்.

நான்தான் முதலில் ஓடினேன். எழுந்திருக்கப் பார்த்தவளைத் தடுத்து, தலை அசையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கால் விரலை ஆட்டச் சொன்னேன். ஆட்டினாள். இரண்டு காலிலும் விரல்கள் ஆடின...

அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

பெரியப்பா வந்தார். கடையில் மூட்டை இறக்கும் ஆறுமுகமும் வந்தான். நான் மூச்சு விடாமல் ஒப்பித்தேன். ஏணியில் துணியை மடித்துப் போட்டு, சித்தியை மொத்தமாகத் தூக்கி வைத்துக் கட்டி, கப்பியில் மட்டமாக இறக்கலாம் என்றேன். ஆச்சரியம், பெரியப்பா தலையாட்டினார். கொடியில் கிடந்த வேட்டிகளை ஏணிமேல் விரித்தோம். ஆறுமுகம் கயிறு கொண்டுவந்தான்.

அப்போதுதான் பெரியம்மா மேலே வந்தாள். மூங்கில், வெள்ளை வேட்டி, கயிறு... பார்த்ததும் கையிலிருந்த தண்ணீர்ச் செம்பு கீழே விழுந்தது.

"ஏ பாவி மக்கா... உசுரோட கெடக்கவளுக்குப் பாடையா கட்டுதிய?"

ஒரு நொடியில் எல்லார் முகமும் மாறிப்போனது. ஆறுமுகம் கயிற்றைக் கீழே போட்டான். "அய்ய, ஆமா சார். அப்டித்தான் கீது."

பூப்போட்ட பெட்ஷீட் விரிக்கிறேன் என்றேன். கதவைக் கழற்றலாம் என்றேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். பெரியப்பாவுக்குக் கோபம்கூட இல்லை.

"நல்லா படிக்க புள்ளதான். ஆனா இது பொஸ்தகம் இல்லட்டி. கல்யாணம் ஆவாத புள்ளைய ஊரு பாக்க மூங்கில்ல கட்டி எறக்குனா, பொறவு எவன் கேட்டு வருவான்?"

கல்லாவில் பெரியப்பா உட்காரும் கைவைத்த தேக்கு நாற்காலி வந்தது. சித்தியை நிமிர்த்தி உட்கார வைத்தார்கள். இடுப்பில் சேலையால் கட்டினார்கள். பெரியம்மா நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டாள். அந்தச் சுழல் படியில், ஒவ்வொரு திருப்பத்திலும் நாற்காலியைச் சாய்த்து, திருப்பி, இடித்து...

பாதி வழியில் சித்தி ஒரு தரம் அலறினாள். அப்புறம் சத்தமே இல்லை.

"வலி போயிட்டு, பாத்தியா" என்றார் பெரியப்பா.

கீழே காரில் ஏற்றும்போது நான் அவள் பாதத்தைத் தொட்டேன். விரலை ஆட்டு சித்தி என்றேன்.

"ஆட்டிக்கிட்டுத்தானட்டி இருக்கேன்."

விரல்கள் ஆடவில்லை.

அடையாறு வேலை போனது. கேட்டு எவனும் வரவும் இல்லை. ஆனால் குடும்பத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் பந்தியில் பெரியப்பா அந்தக் கதையைச் சொல்வார். மகாராணி மாதிரி நாற்காலியில் வைத்து இறக்கினோம் என்பார். கேட்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். நான் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவேன். விழுந்ததில் போன கால் என்றுதான் இன்றுவரை எல்லோரும் சொல்கிறார்கள். சித்தியும் அப்படித்தான் நம்பியிருந்தாள்.

இப்போது பெசன்ட் நகரில் எங்கள் ஃப்ளாட்டில் சித்தி என்னோடு இருக்கிறாள். போன மாதம் எதிர் பிளாக்கில் ஒருவர் மாடியில் வழுக்கி விழுந்துவிட்டார். ஆம்புலன்ஸ் பையன்கள் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் பலகை ஒன்றோடு வந்தார்கள். தலை, மார்பு, இடுப்பு, கால் எல்லாம் பெல்ட் போட்டு இறுக்கி, வராந்தாப் படி வழியாக ஆடாமல் இறக்கினார்கள். யாரும் நெஞ்சில் அடித்துக்கொள்ளவில்லை. ஒருவர் செல்போனில் படம் பிடித்தார். பிளாஸ்டிக்குக்குச் சகுனம் கிடையாது போலிருக்கிறது...

சித்தி சக்கர நாற்காலியை ஜன்னலோரம் தள்ளிக்கொண்டு வந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அன்னைக்கு நீ ஏணி ஏணின்னு கத்துனது... இதுக்குத்தானாட்டி?"

ஐம்பது வருஷமாக அவள் என்னிடம் கேட்காத கேள்வி. பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஆமா சித்தி."

ஆம்புலன்ஸ் கதவு சாத்தி, வண்டி தெருமுனை திரும்பும்வரை அவள் ஜன்னலை விட்டு நகரவில்லை.

"வெயிலு அடிக்கி. சன்னலச் சாத்து" என்றாள்.

அப்போது தெருவிளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது.