சிலேட்டில் பிரித்த வயல்

தம்பி மகள் மலரை அழைக்க ஒரத்தநாட்டுப் பள்ளிக்குப் போயிருந்தேன். கணினியில் படம் வரைந்து பின்னம் படிக்கிறார்கள். விரலால் தொட்டால் கட்டம் பச்சையாகிறது, மறுபடி தொட்டால் நீலம். சின்னப் பிள்ளை மேல் பொறாமைப்படலாமா என்றால், வந்துவிட்டதே, என்ன செய்ய!

மூன்றாம் வகுப்பில் எனக்கு சிலேட்டும் ஒடிந்த பல்பமும்தான். பக்கத்தில் மிராசுதார் மகள் வசந்தா. அவள் வண்ணப் பென்சில் பெட்டியைத் திறந்தால் அந்த மரவாசனைக்கே எனக்கு வயிறு எரியும்.

"வெளஞ்ச வயலை ரெண்டு பேருக்குப் பிரிச்சு வரைங்க" என்றார் வாத்தியார்.

வசந்தா நடுவில் கோடு போட்டு இரண்டு நிறம் தீட்டினாள். நான் ஐந்தாகப் பிரித்து, மூன்று பங்கு குத்தகைக்காரருக்கு, இரண்டு பங்கு மிராசுதாருக்கு என்று வரைந்தேன். குத்தகைக்கு உழுத அப்பா, விவசாயச் சங்கக் கூட்டத்துக்குப் போய்வந்து வீட்டில் பேசும் கணக்கு அது.

"சமமாப் பிரிக்காம, உங்கப்பன் மாதிரி கொடி புடிக்கிறியா?"

"சமமான்னு நீங்க சொல்லலையே சார்!"

வகுப்பே சிரித்தது. வசந்தாவின் தாள் சுவரில் ஏறியது. என் வயலை அடுத்த கணக்குக்காக எச்சில் தொட்டு நானே அழித்தேன்.

"நீங்களும் வரைங்க அத்தை" என்று கணினியை என் பக்கம் திருப்பினாள் மலர். ஐந்து கட்டம் போட்டு, மூன்றைப் பச்சையாக்கினேன்.

"சேவ் பண்ணிட்டேன். இனி அழியாது, வாங்க போவோம்."

இவ்வளவு லேசா அது? பொறாமை இன்னும் கூடித்தான் போனது.