தண்ணீர்ப் பால் கொடுத்துத் தேர்ந்தெடுத்தவர்

மீனாட்சிபுரத்தில் ரோட்டோரமாக இருந்த எங்கள் நிலத்தை விற்றோம். மகளின் நர்சிங் படிப்பு, எங்கள் வயசுகாலம் எல்லாமே அந்தப் பணத்தில்தான். முன்பு ஒருமுறை குறி கட்டி, அதாவது சீட்டுப் போட்டு, கம்பெனிக்காரன் பூட்டிவிட்டு ஓடியதில் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் நாங்கள். இந்த முறை பணத்தை எங்கே போடுவது என்று சொல்ல நம்பகமான ஆலோசகர் வேண்டும். நிலம் விற்ற வீட்டுக்கு ஆலோசகர்களுக்கா பஞ்சம்? வரிசைகட்டி வந்தார்கள்.

எல்லோர் பேச்சிலும் தேன் ஒழுகியது. எனக்கோ எரிச்சல். மாடு வைத்துப் பிழைக்கிற வீட்டில், வந்தவருக்கு ஒரு டம்ளர் பால் கொடுப்பது வழக்கம். அதில் பாதிக்குப் பாதி தண்ணீரை ஊற்றிக் கொடுத்துவிட்டு, "எங்கூட்டுப் பால் எப்படீங்க?" என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

முதலில் வந்தவர், "அமிர்தமுங்க" என்றார். அடுத்தவர், இத்தனை கெட்டிப் பாலைக் கோயமுத்தூரிலேயே குடித்ததில்லை என்றார். இரண்டு பேரையும் வந்த வழியே அனுப்பினேன். மூன்றாமவர் சித்தூரிலிருந்து மொபெட்டில் வந்த ஒல்லி மனிதர். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"தண்ணி சாஸ்தியா இருக்குதுங்க."

எனக்கு அவரைக் கும்பிடலாம் போலிருந்தது. நிலம் விற்ற கணக்கை ஒன்றுவிடாமல் சொன்னோம்.

மறுநாள் பால் சொசைட்டியில் எங்கள் கேனை மட்டும் தனியாக எடுத்து வைத்துச் சோதித்தார்கள். "உங்கூட்டுப் பாலுல தண்ணின்னு நேத்து வந்தவரே சொல்லிட்டுப் போனாருங்க" என்றார் செக்ரட்டரி. ஒருநாளும் சொட்டுத் தண்ணீர் கலக்காத கேன்! அவருக்கு வேண்டுமென்றே ஊற்றிக் கொடுத்தேன் என்று வெளியே சொல்லவா முடியும்?

"ஒளறுவாயன்கிட்டப் போயி நம்ம காசுக் கணக்கச் சொல்லிப் போட்டமே புள்ள!" என்று வீட்டுக்காரர் குதித்தார். ஊருக்கே தெரிந்திருக்குமோ என்று நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தேன்.

சாயங்காலம் அந்த மொபெட்காரர் வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏனுங்க, இங்க பேசுனத அங்க போயிச் சொல்றதுதான் உங்க தொழிலுங்களா?"

"சொசைட்டி முன்னால வண்டிய நிறுத்தச் சொன்னாங்க. நெலம் எத்தனைக்குப் போச்சுன்னு விடாமக் கேட்டாங்க. பேச்ச மாத்தோணுமேன்னு பாலப் பத்திச் சொல்லிப் போட்டேனுங்க."

உடனே செக்ரட்டரிக்குப் போன் போட்டேன்.

"எத்தனை துருவியும் காசப் பத்தி அந்தாளு வாயத் தொறக்கலீங்க" என்று அவர் குறைப்பட்டுக்கொண்டார்.

பணத்தை அந்த ஒல்லி மனிதர் சொன்ன இடத்தில்தான் போட்டோம். சொசைட்டியில் இன்றைக்கும் எங்கள் கேனுக்குத்தான் முதல் சோதனை.