கருந்துணி கட்டிய குழாய்

எதையும் சோதித்துப் பார்க்காமல் ஞானம்பாள் நம்பமாட்டாள். சந்தையில் பானை வாங்கப் போனால் தட்டிப் பார்ப்பாள், தண்ணீர் ஊற்றிப் பார்ப்பாள், அப்புறமும் "பொறவு வாரேன்" என்று எழுந்து வந்துவிடுவாள். ஆழ்வார்குறிச்சிச் சந்தைக்காரர்களுக்கு அவள் தலையைக் கண்டாலே எரிச்சல். ஆனால் அவள் வாங்கிப் போன பானை ஒழுகியது என்று யாரும் சொன்னதில்லை.

சீமையில் பெரிய சண்டை மூளுவதற்கு முந்தின தை மாதம். மலைத் தோட்டத்து வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குக் கிளம்பும்போது சாமான்களை விற்றார். அவள் புருஷன் குற்றாலலிங்கம் பிள்ளை அதில் ஒரு தொலைநோக்கிக் குழாயை வாங்கிவந்தார். குட்டையான பித்தளைக் குழாய். முன்வாய்க் கண்ணாடி மட்டும் நல்ல அகலம். காயல்பட்டினத்திலிருந்து ஜவுளி விஷயமாக வந்த ஹபீப் முகம்மது அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்னவே பிள்ளைவாள், ஒலக்கை கேட்டா ஒரலைத் தந்துட்டானா? நம்ம கப்பல் குழாய் இதைப்போல ரெண்டு பங்கு நீளம்லா!"

பிள்ளைக்கு முகம் சுருங்கிவிட்டது. ஞானம்பாளுக்கு அது பெரிதாகப் படவில்லை. அவள் நினைப்பெல்லாம் நாத்தனார் கோமு மேல் இருந்தது.

கோமுவுக்கு ரிஷப ராசி. சனியும் அந்த ராசியிலேயே வந்து உட்கார்ந்திருந்தார். உழவு மாடு செத்தது, பேசி முடித்த சம்பந்தம் முறிந்தது. எல்லாப் பழியும் அவள் தலையில்தான் விழுந்தது. ஊர் சொன்னதைக் கடைசியில் அவளே நம்பத் தொடங்கினாள். களக்காட்டிலிருந்து ஒரு நல்ல இடம் வருகிற வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறது. கோமுவோ, "நான் வெளிய வரமாட்டேன் மதினி. நான் போற வீடும் வெளங்காது" என்று அடுக்களையிலேயே கிடந்தாள்.

'பயப்படுகிற அந்தச் சனியைக் குழாய் வழியே ஒருதரம் நேரில் பார்த்துவிடட்டும்' என்று ஞானம்பாளுக்குத் தோன்றியது. புருஷனிடம் கேட்டாள். பிள்ளை நடுங்கிப்போனார். கோயிலில்கூட சனீஸ்வரன் முன்னால் நேரே நிற்காமல் ஒதுங்கி நின்று கும்பிடுகிறவர் அவர். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். குழாயின் முன்வாயில் கறுப்புத் துணியை இழுத்துக் கட்டி, நடுவில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டார்.

"மறைச்சுப் பாத்தா தோஷமில்லை" என்றார்.

விளக்கு வைத்த பிறகு திறந்த மச்சில், பிள்ளை சனிக்கு நேராகத் திருப்பிக் கொடுத்த குழாயில் கோமு கண்ணை வைத்தாள். மங்கலாக, நீள்வட்டமாக, பாதி மூடின கண் மாதிரி ஒன்று நின்றது. அவள் பின்னால் சாய்ந்தாள்.

"மதினி, அது என்னையத்தான் பாக்குது!"

அன்று ராத்திரி அவள் சோறு உண்ணவில்லை. "ஹபீப் அண்ணாச்சி சொன்னது சரிதான். நீளம் பத்தலை" என்று பிள்ளை குழாயை மூலையில் சாத்தினார். தன்னால் காரியம் இன்னும் கெட்டுப்போயிற்றே என்று ஞானம்பாள் நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் அவள் குழாயை எடுத்து, துணியை அவிழ்த்து, வயல் வரப்பில் நின்ற பனைமரத்துக்குத் திருப்பினாள். பனை தலைகீழாகத் தெரிந்தது. அது அந்தக் குழாயின் குணம். ஓலை ஓலையாக எண்ணலாம்போல் இருந்தது. பிறகு முன்வாயில் பாதியை உள்ளங்கையால் மறைத்தாள். சன்னலைப் பாதி சாத்தினால் பாதித் தெரு மறைகிற மாதிரி, பாதிப் பனை மறையும் என்றுதான் எதிர்பார்த்தாள். மறையவில்லை. முழுப் பனையும் அப்படியே நின்றது, வெளிச்சம்தான் குறைந்தது. கையை இன்னும் நகர்த்தி, விரல் இடுக்கு அளவுக்கு வாயைக் குறைத்தாள். இப்போதும் முழுப் பனைதான், ஆனால் ஓலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கரிக்கட்டையாகிவிட்டன.

கையை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள். பானை தட்டுகிற அதே பொறுமை. முற்றத்தில் மழைக்கு வைக்கிற அண்டாவும் செம்பும் ஞாபகத்துக்கு வந்தன. எவ்வளவு ஆழமிருந்தால் என்ன, வாய் அகலமிருந்தால்தானே மழை விழும்! குழாயில் குறை இல்லை. பயந்து கட்டின துணிதான் அந்தக் கண்ணைச் செய்திருக்கிறது.

இருட்டியதும் கோமுவைக் கையைப் பிடித்து மச்சுக்கு இழுத்துவந்தாள். பிள்ளை பின்னாலேயே ஓடிவந்தார்.

"ஏட்டி, துணியை எங்க? சனியோட வெளையாடுதியா?"

"வாற பாவம் எனக்கு வரட்டும். நீங்க சும்மா இருங்க. பாரு கோமு."

கோமு அரைக் கண்ணால் பார்த்தாள். பிறகு முழுக்கண்ணால் பார்த்தாள்.

"மதினி..." குரலில் சிரிப்பு இருந்தது. "கண்ணு இல்ல. ஒரு உருண்டை, அதைச் சுத்தி வளையம். சும்மாட்டுல கொடத்தை வச்ச மாதிரில்லா இருக்கு! தண்ணிக்குப் போறாரு போல."

"அவரு பாட்டுக்கு அவரு சோலியப் பாக்காரு. உன்னைப் பாக்க அவருக்கு ஏது நேரம்?" என்றாள் ஞானம்பாள்.

அன்றைக்குக் கோமு இரண்டாவது தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை களக்காட்டுக்காரர்கள் வந்தபோது அவளை யாரும் இழுத்துவர வேண்டியிருக்கவில்லை. தானே வந்து நின்றாள். மாப்பிள்ளையின் தாயார் ராசி கேட்டதற்கும், "ரிஷபம்" என்று தலை நிமிர்ந்து சொன்னாள். அந்த அம்மாளுக்கு அது பிடித்துப்போயிற்று.

பின்னாளில் குழாய் வாங்கப் போகிறவர்கள் யோசனை கேட்டு வந்தால், "நீளத்தைப் பாக்காதீக, வாயைப் பாருங்க" என்பாள் ஞானம்பாள். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லமாட்டாள்.

பிள்ளையும் ஒருநாள் சனியைப் பார்க்க வந்தார். குழாய்க்குப் பக்கவாட்டில் ஒதுங்கி, கைகட்டி நின்றபடியே கழுத்தை மட்டும் நீட்டினார்.

"கோயில் இல்ல இது. நேரா நில்லுங்க" என்றாள் அவள்.

நின்றார்.