சண்டை நீக்கப்பட்ட படம்

படம் தொடங்குமுன் வாத்தியார் தொலைக்காட்சித் திரையின் அடியில் ஒரு பழுப்புக் காகிதப் பட்டையை ஒட்டுவார். வசன எழுத்துகள் ஓடும் இடம் மறைந்துவிடும். கட்டைவிரல் நகத்தால் காற்றுக் குமிழ்களை ஓரத்துக்குத் தள்ளுவார். ஒன்று மிஞ்சினாலும் பிய்த்து மறுபடி ஒட்டுவார். “படிக்காதீங்க, கேளுங்க” என்பார்.

மெத்தைக் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் நடந்த பிரெஞ்சு வகுப்பு அது. அதன் உரிமையாளர் வாத்தியாரின் அக்கா. விவாகரத்துக்குப் பிறகு அவருக்கு வேலையும் தங்க இடமும் கொடுத்தவரும் அந்த அக்காதான்.

வாத்தியார் அண்மையில் வந்த படங்களைத்தான் போடுவார். “புத்தகத்துல எல்லாரும் வழி கேட்டுக்கிட்டே திரியுறாங்க. ஒருத்தனும் வீடு போய்ச் சேர மாட்டேங்கிறான்” என்பார்.

அன்றைய படத்தைப் பற்றி ஒரு வாரமாகவே சொல்லி வைத்திருந்தார். வீட்டை விற்க நினைக்கும் அப்பா, கூடாது என்கிற மகள். பாதிப் படம் சாப்பாட்டு மேசையில் சண்டை. “கத்திக்கிட்டே ரொட்டியை நீட்டுவாங்க பாருங்க. மறுத்துப் பேசுறது அங்க மரியாதைக் குறைவு இல்ல. அது புரியலன்னா மொழி வராது.”

படம் போடும் நேரத்தில் அக்கா வந்து ஒரு பென்டிரைவை நீட்டினார். கதவருகே இருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

“இதைப் போடு. வேண்டாததையெல்லாம் வெட்டிட்டேன்.”

“முத்தம் இருந்துதே, அதையா?”

“அதையும்தான். அந்தப் பொண்ணு அப்பனை எதிர்த்துக் கத்துறதையும். பெத்தவங்க புகார் பண்றாங்கடா.”

“அக்கா, அதுதான் பாடமே!”

“மறுத்துப் பேச நம்ம பசங்களுக்கு கிளாஸ் வேற எடுக்கணுமா? இதைப் போடு, இல்லன்னா படமே வேண்டாம்.”

போட்டார். அப்பா காரை நிறுத்தினார். மகள் கை கழுவினாள். அப்பா மறுபடி காரை நிறுத்தினார். திடீரென்று இருவரும் அழுதார்கள். படம் முடிந்தது.

“சார், யாரு செத்தது?” என்றான் முன்வரிசையில் ஒருவன். வகுப்பே சிரித்தது.

“கார் நல்ல கார் சார்” என்றான் இன்னொருவன்.

வாத்தியார் ஊசிப்போன சோற்றை வாயில் வைத்தவர்போல நின்றார். வெளியே போய்க் குழாயடியில் காறித் துப்பும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, காகிதப் பட்டையைக் கிழித்துக் கசக்கிக் குப்பையில் போட்டார். பலகையில் பிரெஞ்சில் எழுதினார்: ரயில் நிலையம் எங்கே இருக்கிறது?

“இதான் சார் பரீட்சைக்கு வரும்” என்று நோட்டைத் திறந்தார்கள். அந்த நிம்மதி முகங்கள் எனக்குப் பிடிக்கவில்லை. அவர்களில் ஒருவனாக நானும் அதை எழுதிக்கொண்டேன்.

அதன்பின் அவர் படம் போடவே இல்லை. அக்காவின் வீட்டை விட்டுப் போகவும் இல்லை. நாங்கள் எல்லோரும் தேறினோம். வாசலில் மாட்டிய பேனரில், முகத்தில் ஈ உட்கார்ந்ததுபோல வாத்தியார் நின்றார்.

சான்றிதழ் வாங்கப் போனபோது அக்காவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன், புகார் சொன்னது யார் என்று.

“யாரும் சொல்லல தம்பி. சொல்லிடுவாங்களோன்னு ஒரு பயம், அவ்வளவுதான். ஒரே ஒருத்தங்கதான் படத்தைப் பத்திப் பேசவே வந்தாங்க. தானும் பின்னாடி உட்கார்ந்து பார்க்கலாமான்னு கேட்டாங்க. உங்கம்மாதான்.”