எதிரே ஆளில்லாத கீபோர்டு வகுப்பு

ஆன்லைனில் பாடம் நடத்துவது, ஆளில்லாத பந்தியில் சோறு பரிமாறுவதுபோல. தொடங்கிப் பார்த்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும். குமரி மாவட்டம் புதுக்கடையில், வீட்டு முன்னறையில் கீபோர்டு கற்றுக்கொடுத்து வந்தேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக டியூஷனுக்குப் போய்விட, அறை காலியானது. வேறு வழியில்லாமல் பாடங்களை வீடியோவாக எடுத்து ஒரு கோர்ஸ் போடத் துணிந்தேன்.

வாய் திறக்கவில்லை

எங்கள் சர்ச் சபைக் கன்வென்ஷனில் அத்தனை கூட்டத்துக்கு முன்னால் வாசித்தவன்தான் நான். ஆனால் செல்போனைப் பார்த்ததும் “வணக்கம்” தாண்டி ஒரு சொல் வரவில்லை. காலை முழுக்க எடுத்து எடுத்து அழித்தேன். போதும் என்று எழுந்தபோது மனைவி ஸ்டெல்லா வந்து, செல்போனுக்குப் பின்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

“இஞ்ச பாருங்க, அந்தச் சாதனத்த விட்டுட்டு என் மொகத்தப் பாத்துச் சொல்லுங்க. எனக்கும் ஒண்ணும் தெரியாதுல்லா?”

பக்கத்து வீட்டு மெஷின்

ஒருவழியாகப் பேச்சு வந்தது. போட்டுக் கேட்டால், பக்கத்து வீட்டு மணி அண்ணனின் மரம் அறுக்கும் மெஷின்தான் பாடம் நடத்துகிறது! அது அவர் பிழைப்பு. எப்படி நிறுத்தச் சொல்வது? தயங்கித் தயங்கிப் போய்ச் சொன்னேன். அவர் மரத்தூளைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

“தினமும் ஒரு மணி நேரம் நிறுத்துதேன் சாரே. நீங்க தப்பா வாசிச்சா மட்டும் உடனே ஓட விடுவேன், பாத்துக்கிடுங்க.”

முதல் மாணவி

கோர்ஸைப் போட்டேன், ஒருவரும் சேரவில்லை. அதை நீக்கிவிடலாம் என்று நினைத்திருந்தபோது செல்வி சேர்ந்தாள். இராஜாக்கமங்கலத்துக்காரி, குவைத்தில் நர்ஸ். சபையில் ஒரு பாட்டாவது வாசிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. முதல் மெசேஜே குறைதான்: ‘சாரோட இடது கை தெரியல.’ செல்போனை மேலே கொக்கியில் கட்டித் தொங்கவிட்டு எல்லாப் பாடத்தையும் மறுபடி எடுத்தேன். அதன்பிறகு அவளே கூட வேலை பார்ப்பவர்களையும் சேர்த்துவிட்டாள்.

லீவுக்கு ஊருக்கு வந்தவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் கீபோர்டின் முன் உட்காரவைத்தேன். ஒரு கட்டையைத் தொட்டதும் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். பிறகு மெதுவாக ஒரு கீர்த்தனை முழுவதையும் தப்பில்லாமல் வாசித்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. “என்ன மக்களே, முதல்ல ஏன் கைய எடுத்த?” என்று மகளைக் கேட்பதுபோலக் கேட்டேன்.

“எனக்கு அங்க கீபோர்டு இல்ல சாரே. மேசையில பேப்பர ஒட்டி, கட்டைய வரைஞ்சுல்லா படிச்சேன். அது அமுங்காது.”

கோர்ஸ் பக்கத்தில் ஆசிரியர் என்று என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அந்தக் கட்டத்தில் ஸ்டெல்லா, மணி அண்ணன், செல்வி பெயரையும் எழுத இடம் விடவில்லை.