அடி ஐஸ்

ஐஸ் குழியை மூடிய உமிக்குள் முழங்கை வரை கையை நுழைத்து, கண்ணை மூடிக்கொண்டு சாண் போடுகிறார் ஜெயினுலாபுதீன். "ஒண்ணர சாண் கீது" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு கையைக் கைலியில் துடைக்கிறார். கடப்பாக்கத்தில் மீனுக்கு ஐஸ் விற்கும் இவர் தினம் மாலையில் அளப்பது வந்த ஐஸை அல்ல, மீந்த ஐஸை.

மதராஸிலிருந்து வரும் புதுப் பாளங்களைக் குழியில் பழைய மிச்சத்தின் மேல்தான் அடுக்குவார். இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அடியில் கிடப்பது ‘அடி ஐஸ்’. கல்யாண வீட்டார் சர்பத்துக்குக் கெஞ்சினாலும் அதில் ஒரு சில்லு பெயராது. "பாய் அடைகாக்கறாரு, குஞ்சு பொரிக்கும்" என்பாள் மீன்காரி முனியம்மா.

பங்குனியில் ஒருநாள் பள்ளிக்கூடத்து சடையப்பன் வாத்தியார் புத்தகமும் கையுமாக வந்தார். ஒரு காலத்தில் வடதேசங்களை மைல் கனத்துக்குப் பனி மூடியிருந்ததாம். அவ்வளவு தண்ணீரும் அங்கே உறைந்து நின்றதால் கடலே உள்வாங்கிக் கிடந்ததாம்.

"எப்பேர்ப்பட்ட குளிர் பாருங்க பாய்!"

"குளிர வுடு வாத்யாரே. அங்க கோடை எப்டி? அத்தச் சொல்லு."

வாத்தியார் பக்கத்தைப் புரட்டினார். பூமியின் சாய்வும் அது சுற்றும் பாதையும் மெல்ல மெல்ல மாறுகின்றன. அதனால் வடக்கே கோடை வெயில் தணிந்த காலங்களில் பழைய பனி கரையாமல் மீந்தது, அதன்மேல் புதுப் பனி விழுந்து மலையாயிற்று, வெயில் ஏறியபோது உருகிப் பின்வாங்கிற்று என்று ஒருவர் கணக்குப் போட்டிருந்தார்.

"பாத்தியா? வர்றது பெரிசில்ல. மிச்சந்தான் வளரும்" என்றார் பாய், அந்தக் கணக்கைத் தாமே சரிபார்த்தவர் போல.

சித்திரையில் ஒரு வியாழக்கிழமை. ஐஸைக் கொண்டுவந்து மீனை ஏற்றிப்போகும் லாரி செய்யூரில் அச்சு முறிந்து நின்றது. விடிந்துதான் வரும் என்று சேதி. ஆறு நாள் வெறுங்கையாய்த் திரும்பிய முனியம்மா வீட்டுக் கட்டுமரம் அன்றைக்குத்தான் இரண்டு கூடை வஞ்சிரம் கொண்டுவந்திருந்தது. அந்தப் புழுக்கத்தில் விடியும்வரை தாங்காது. கூடைகளைக் குழியோரம் இறக்கினாள்.

"இன்னா, வாய் அடைச்சிக்கிச்சா?"

"நான் சொன்னத மனசுல வெச்சிக்காத பாய்."

"நீ சொன்னாப்பலதான், குஞ்சு பொரிச்சிச்சி. கூடையப் புடி."

உமியை விலக்கி, அடி ஐஸில் உளி வைத்துப் பிளந்தார். தட்டித் தூளாக்கி, ஒரு வரிசை மீன், ஒரு வரிசை ஐஸ் என்று வாய்வரை நிரப்பிச் சாக்கைப் போர்த்தினார். கடைசியில் தேங்காயளவு ஒரு துண்டு மீந்தது. அதற்கும் கை நீட்டினாள் முனியம்மா. சாக்குக்கு மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "போதும்."

குனிந்து அந்தத் துண்டைக் குழியின் நடுவில் வைத்து, நாலு முறம் உமியை அதன்மேல் கொட்டினார்.