வீடு எங்களுடையது, லிஸ்டிங் அவர்களுடையது

ஒஸ்லோவில் என் பக்கத்து வீட்டு இங்கிரிட்டைப் பதினொரு வருடங்களாகத் தெரியும். இன்றுவரை அவள் நான் சமைக்கும் குசினியைப் பார்த்ததில்லை. ஆனால் கண்டியில், வத்தேகம போகும் வீதியிலுள்ள எங்கள் வீட்டுக் குசினிக்கு முகம் தெரியாத ஒருவர் நான்கு நட்சத்திரம் கொடுத்து, கத்திகள் மொட்டை என்று எழுதியிருந்தார். பனியில் பஸ்ஸுக்கு நின்றபடி போனில் அதைப் படிப்பது என் காலை வழக்கமாகியிருந்தது.

அது அப்பா கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், வேலை பார்த்துக் கட்டிய வீடு. அவர் போனபின் பூட்டிக்கிடந்தால் பாழாகிவிடும் என்று, சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடும் ஒரு கம்பனியிடம் கொடுத்தேன். அதை நடத்தும் ரமணன் என் தம்பியோடு படித்தவன். இணைய வாடகைத் தளத்தில் வீட்டைக் காட்டும் லிஸ்டிங்கைத் தங்கள் கணக்கிலேயே திறப்பதாகச் சொன்னான். நான் எழுத்தில் எதுவும் கேட்கவில்லை. தெரிந்த மனிதரிடம் கடதாசி கேட்பது அவரை அவமதிப்பது என்றே நாங்கள் வளர்ந்தோம்.

போன வருடம் படிப்பு விடயமாகக் கொழும்பு போயிருந்த என் மகள் மதுரா, எனக்குச் சொல்லாமலே கண்டிக்குப் போனாள். மழையில் நனைந்தபடி கேட்டைத் தட்டியவளை, உள்ளே தங்கியிருந்த வெள்ளைக்காரர் சாப்பாடு கொண்டுவந்தவள் என்று நினைத்துப் பையை வாங்கக் கை நீட்டினாராம். வீட்டைத் துப்புரவாக்கும் செல்வமணி போனில் என்னிடம் அழுதாள்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா. லிஸ்ட்ல பேரில்லாத ஆள உள்ள விடக்கூடாதுன்னு ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க. பாப்பாவ எங்க வீட்டுக்கே கூட்டிட்டுப் போறேன்."

அன்று மகள் மஹய்யாவவில் செல்வமணி வீட்டில் தங்கினாள். செல்வமணி இல்லாவிட்டால் எங்கே போயிருப்பாள்? திரும்பி வந்தவள், "அடுத்தமுறை நான் ஹோட்டல்ல நிக்கிறன் அம்மா, அதுதான் சுகம்" என்றாள். கோபமில்லாமல் சொன்னாள். அதுதான் என்னை உலுக்கியது. அந்த வீடு அவளுக்கு இல்லாமல் போனால் அந்த ஊரும் இல்லாமல் போய்விடும்.

இங்கிரிட்டிடம் சொன்னபோது, "உன் மகள் முன்பதிவு செய்ய மறந்துவிட்டாளா?" என்று அனுதாபத்தோடு கேட்டாள். விளங்கப்படுத்த என் நோர்வேஜிய மொழி போதவில்லை.

லிஸ்டிங்கைத் திருப்பித் தரும்படி ரமணனிடம் கேட்டேன். "அக்கா, வீடு உங்கடதான், ஆர் இல்லையெண்டது? லிஸ்டிங் எங்கட. ரிவியூ எல்லாம் நாங்கள் பாடுபட்டுச் சேர்த்தது."

வாடகைத் தளத்துக்கு எழுதினேன். வீட்டு உறுதிப் பத்திரத்தையும், அந்த முகவரிக்கு என் பெயரில் வந்த கரண்ட் பில்லையும் காட்டினால் பழைய லிஸ்டிங்கை நீக்குவதாகப் பதில் வந்தது. உறுதி என் பெயரில் இருந்தது. ஆனால் அதில் காணித்துண்டின் இலக்கம்தான், முகவரி இல்லை. பில்லோ அப்பாவின் பெயரில். அவர் போய் ஆறு வருடமாகியும் நான் மாற்றவில்லை. மாதாமாதம் அவர் பெயருக்கு ஒரு கடிதமாவது வரட்டும் என்று விட்டிருந்தேன்.

ஆகவே கண்டிக்குப் போனேன். கெஞ்சி மதுராவையும் அழைத்துப் போனேன். மின்சாரக் கந்தோரில் மரணச் சான்றிதழை நீட்டினேன். லிகிதர் அப்பாவின் பெயரைக் கோடிட்டு வெட்டி, மேலே என் பெயரை எழுதினார். புது பில்லைத் தளத்துக்கு அனுப்பி இரண்டு வாரத்தில் பழைய லிஸ்டிங் மறைந்தது. ஒரு நட்சத்திரமும் இல்லாத புதியதை நானே திறந்தேன். செல்வமணி கம்பனியை விட்டு எங்களிடமே வேலைக்கு நின்றுகொண்டாள். கதவுக்குப் புதுப்பூட்டுப் போட்டு, முதல் சாவியை மகளிடம் கொடுத்தேன்.

மறுநாள் மதுரா செல்வமணி வீட்டுக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பினாள். வாசல் மணி அடித்தது. திறந்தால், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"சாவி இருக்கெல்லோ பிள்ளை?"

"ஓம்... உள்ளுக்கு ஆக்கள் இருப்பினமோ எண்டு."

சொன்னபிறகு அவளே சிரித்தாள். சப்பாத்தைக் கழற்றி, புறப்படும்போது காலை நுழைக்கச் சுலபமாக, முனையை வீதிப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு உள்ளே வந்தாள். பக்கத்தில் என் செருப்பும் அப்படியே வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தது.